பஸ்ஸுக்கு முன்னால் ஓடியவள்

“கதவ மூடுங்க.”

இந்திராணி அவ்வளவுதான் சொன்னாள். கைப்பிடியைப் பற்றிப் படியேறி, என்னைத் தாண்டிப் போய், கடைசி வரிசையில் சன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். சட்டையில் குத்தியிருந்த எண் தாள் வியர்வையில் ஊறி, ஒரு மூலை கிழிந்து தொங்கியது.

ஓட்டப்பந்தயத்தில் பின்தங்கியவர்களை வழியில் ஏற்றிக்கொண்டு வருகிற பஸ் அது. அதை ஓட்டியவன் நான். ஏறியவள் என் மனைவி.

கல்யாணமான நாளிலிருந்து என் பஸ்ஸில் எப்போது ஏறினாலும் எனக்கு நேர் பின்னால் இருக்கிற இருக்கைதான் அவளுடையது. அன்று அது காலியாகத்தான் இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தூரத்தில் காற்றடைத்த மஞ்சள் வளைவு தெரிந்தது, முடிவுக்கோடு. நடந்தே போய்விடலாம், அத்தனை பக்கம். ஆனால் நேரம் முடிந்துவிட்டது. பந்தயம் நடத்துகிறவர்களின் சட்டம் அப்படி. கதவை மூடினேன்.

வீடு போய்ச் சேரும்வரை அவள் வாய் திறக்கவில்லை. அதற்கப்புறம் சில நாளும் திறக்கவில்லை.

போன வாரம் இந்தப் பத்தியில், யோங் பெங் முச்சந்தியில் டயர் வெடித்து நடுரோட்டில் நின்ற கதையை எழுதியிருந்தேன். பத்திரிகையைப் படித்துவிட்டு மடக்கி வைத்த இந்திராணி, “டயருக்கெல்லாம் ஒரு வாரம் குடுக்குறீங்க. எனக்கு எப்ப?” என்று கேட்டாள்.

“எழுதினா கோவிச்சுக்குவ.”

“பொய் எழுதினாத்தான் கோவிப்பேன்.”

அதனால் இந்த வாரம் அவளுக்கு.

*பிடிக்க ஓடிய காலம்*

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பத்து பாகாட்டில் பேக்டரி பஸ் ஓட்டுகிறவன். வாரநாளில் துணிப் பேக்டரிப் பெண்களை ஏற்றி இறக்குவேன். விடுமுறை நாளில் கல்யாணம், கோயில், ஓட்டப்பந்தயம் என்று யார் கூப்பிட்டாலும் பஸ்ஸோடு போவேன்.

இந்திராணி என் பயணியாக வந்தவள். லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்து, இங்கே சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். ஒருநாளும் நேரத்துக்கு பஸ் நிற்கிற இடத்துக்கு வரமாட்டாள். நான் கியரைப் போட்டு நகர்த்துவேன். பின்னாலிருந்து பெண்கள், “அண்ணே, நிப்பாட்டுங்க, இந்திராணி வருது” என்று கத்துவார்கள். கண்ணாடியில் பார்த்தால் ஒரு கையில் டிபன் கேரியர், மறு கையில் செருப்பு, தெருவெல்லாம் தன்னுடையது என்கிற மாதிரி ஓடி வருவாள். மூச்சு வாங்க ஏறி, ஒரு வார்த்தை பேசாமல் உட்காருவாள்.

மற்ற பெண்கள் சிரித்தார்கள், பாடினார்கள், என்னைக் கேலி செய்தார்கள். எனக்குக் கண்ணில் நின்றது அந்த ஓட்டம்தான். சில நாள் வேண்டுமென்றே பஸ்ஸைக் கொஞ்சம் உருட்டிவிட்டு நிறுத்துவேன், இன்னும் நாலு எட்டு ஓடி வருவாளே என்று. இதைக் கல்யாணத்துக்கு அப்புறம் சொன்னேன். நல்ல வசவு கிடைத்தது.

அதற்குப் பிறகு அவள் ஓடியதை நான் பார்க்கவில்லை. பேக்டரியில் துணி சரிபார்க்கிற வேலை, நாள் பூராவும் நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் சமையல், மகள் கவிதா, கோயில். ஐம்பதைத் தொட்டபோது இனிப்பு நீர் வியாதி வந்தது. கிளினிக்கில் நடக்கச் சொன்னார்கள். காலையில் பாடாங் திடலைச் சுற்றி நடந்தாள். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. நனையக் கூடாதென்று கூரையை நோக்கி ஓடியிருக்கிறாள். கூரை வந்த பிறகும் நிற்க மனம் வரவில்லையாம். அப்படித்தான் மறுபடி ஆரம்பித்தது.

*லாரி*

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வீட்டு பாக் சானியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓய்வு பெற்ற மனிதர், வேலியோரம் சேவல்களோடு பேசிக்கொண்டிருப்பார். நல்ல மனசு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “இந்திரா எங்கே, காணோமே?” என்று மலாயில் கேட்டார். ஓடப் போயிருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். மலாயில் ஓடுவதற்கு ‘லாரி’. நான் பல் துலக்கிக்கொண்டே, “பினி சாயா டா லாரி, பாக்” என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. என்ன சொன்னேன் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. ‘என் பெண்டாட்டி ஓடிட்டா.’ தமிழில் சொல்லியிருந்தாலும் அதே கதிதான். வேலிக்கு மேலே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, “சாபார், லிங்கம், சாபார்” என்றார். பொறுத்துக்கொள் என்கிறாரே, எதைப் பொறுப்பது என்று எனக்குப் புரியவில்லை. மத்தியானம் அவர் வீட்டிலிருந்து ஒரு சட்டி அசாம் பெடாஸ் மீன் குழம்பு வந்தது, சோற்றோடு. இன்று என்ன விசேஷம் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

சாயங்காலம் இந்திராணி வாசலில் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்துத்தான் அவர் கேட்டுக்குப் பக்கத்தில் ஆணி அடித்தாற்போல் நின்றார். விஷயம் தெரிந்ததும் அவர் மனைவி சிரித்த சிரிப்பு தெரு முனைவரை கேட்டது. அன்றிலிருந்து எந்த ஞாயிறும் அவர், “இன்னிக்கு லாரியா?” என்று கேட்காமல் விடுவதில்லை. இந்திராணி மட்டும், “மீன் நல்லாருந்துச்சு. இன்னொரு தடவ ஓடவா?” என்பாள்.

*பேசிக் காட்டு*

முதல் வருடப் பந்தயத்தில் என் பஸ்ஸில் ஏறினாளே, அந்தக் கதைக்குத் திரும்புகிறேன். சில நாள் மௌனத்துக்குப் பிறகு, தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள்: “அடுத்த வருசமும் பேர் குடுக்கப் போறேன். நீங்களும் பஸ்ஸ ஓட்டுங்க. நான் அதுல ஏற மாட்டேன்.”

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். வெற்றிக் கோப்பை வேண்டாம், வேகம் வேண்டாம். என் பஸ்ஸில் ஏறாமல் அந்த மஞ்சள் வளைவைத் தாண்ட வேண்டும்.

கவிதாவிடம் யோசனை கேட்டாள். எங்கள் மகள் ஜோகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். ஓட்டத்தில் ஆர்வம் உள்ளவள். பாலத்தில் நெரிசலில் நின்றபடி ஒரு குரல்பதிவு அனுப்பினாள். ஒரே ஹாரன் சத்தம், யாரோ யாரையோ திட்டும் சத்தம், நடுவில் கவிதா: “அம்மா, வேகமா ஓடாதீங்க. அவசரமே இல்ல. மொதல்ல ஆறேழு மாசத்துக்கு...” மறுபடி ஹாரன். பிறகு ஒரு வார்த்தை.

இருவரும் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டோம். “‘பேசிக் காட்டுங்க’ன்னு சொல்றா,” என்றாள் இந்திராணி. எனக்கும் அப்படித்தான் கேட்டது.

“ஓடுறதுக்கும் பேச்சுக்கும் என்னா சம்பந்தம்?”

“படிச்ச புள்ள. காரணம் இல்லாம சொல்லாது.”

“யாருகிட்ட பேசறது?”

என்னைப் பார்த்தாள். அப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

அடுத்த காலையிலிருந்து அவள் ஓட, நான் பக்கத்தில் என் சின்ன கப்சாய் மோட்டார் சைக்கிளில் ஊர்ந்தேன். ஊர்வதென்றால் நடக்கிறவன் முந்திப் போவான், அந்த வேகம். கால் இரண்டும் தரையில் தேய்ந்தன. மின்யாக் பெக்குவுக்குப் போகும் கடலோரச் சாலை. வலது பக்கம் சேறும் கண்டல் மரங்களும், இடது பக்கம் மலாய்க் கிராமத்து வீடுகள். நாய்கள் எங்களைப் பார்த்துக் குரைக்கலாமா வேண்டாமா என்று யோசித்தன.

இந்திராணி பேசுகிறவள் அல்ல. கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அவளைப் பேசச் சொன்னால்? முதல் வாரம் என்ன குழம்பு வைக்கலாம் என்று பேசினாள். பிறகு பேக்டரியில் யாருக்குக் கல்யாணம், யார் வேலையை விட்டார்கள். குழம்பும் தீர்ந்து, பேக்டரியும் தீர்ந்த பிறகு, அவளுக்குள் கிடந்ததெல்லாம் வர ஆரம்பித்தது. லாபிஸில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வீடு என்று தெரியும். இரவு ரயில் போகும்போது அதில் இருப்பவர்களுக்கெல்லாம் பெயர் வைப்பாளாம், அது தெரியாது. என் அம்மாவிடம் ஒரு தடவை எனக்காகச் சண்டை போட்டிருக்கிறாள், அதுவும் தெரியாது. ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் இந்த ஆளை எனக்குத் தெரியாதே என்று கப்சாய் மேல் உட்கார்ந்து ஆச்சரியப்பட்டேன்.

அவளாக ஒரு சட்டம் வைத்துக்கொண்டாள். தொடங்கிய வாக்கியத்தை ஒரே சீராக முடிக்க வேண்டும். நடுவில் மூச்சு இடறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். உடனே குறைப்பாள், வாக்கியம் முடிகிறவரை. முதலில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் குறைக்க வேண்டியிருந்தது. மாதங்கள் போகப் போக, அதே வேகத்தில் ஒரு முழுக் கதையைச் சொல்லி முடித்து, “என்னா, உம் கொட்டாம வர்றீங்க?” என்று கேட்கவும் மூச்சு மிச்சமிருந்தது.

ஒருநாள் பஸ் விஷயத்தைப் பேசினாள். நான் கேட்கவில்லை, அவளே ஆரம்பித்தாள்.

“அன்னிக்கு பஸ்ஸுல ஏறினேன்ல. ஏர்கான் சில்லுனு மூஞ்சில அடிச்சுது. சுகமா இருந்துச்சுங்க.”

“அதுக்கென்ன?”

“அந்த சுகத்த நெனச்சாத்தான் எனக்கு கோவம். தோத்துட்டு வந்து உக்காந்தவளுக்கு சுகம் ஒரு கேடா?”

என் மேல் கோபம் என்று இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மனசிலிருந்து ஒரு கல் இறங்கியது.

தீபாவளிக்குக் கவிதா வீட்டுக்கு வந்தாள். காலையில் எழுந்து வெளியே வந்தவள், அம்மா ஓடிக்கொண்டே வாய் ஓயாமல் பேசுவதையும் அப்பா மோட்டாரில் தலையாட்டிக்கொண்டு போவதையும் பார்த்து, “என்னாப்பா இது கூத்து?” என்றாள். நீ சொன்னதைத்தான் செய்கிறோம், பேசிக் காட்டச் சொன்னாயே என்றோம்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

“அலமாக், அம்மா. நான் பேஸ் கட்டுங்கன்னு சொன்னேன். பேஸ். அஸ்திவாரம்.”

இந்திராணியின் முகம் வாடிவிட்டது. “அப்ப இத்தன மாசமும் வீணா?”

“இல்லமா.” கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அஸ்திவாரம் போடறதே அப்படித்தான். பேசிக்கிட்டே ஓடற வேகத்துலதான் ஓடணும். எங்க குழுவுல அத்தன பேருக்கும் சொல்றேன், ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, எல்லாருக்கும் அவசரம். நீங்க தப்பா கேட்டுட்டு சரியா செஞ்சிருக்கீங்க லா.”

போகும்போது இன்னொன்றும் சொன்னாள்: “பந்தயத்துலயும் பேசிக்கிட்டே ஓடுங்கமா. பேச்ச எப்ப நிறுத்தணும்னு உங்களுக்கே தெரியும்.”

பிறகு வெயிலுக்கு உடம்பைப் பழக்க வேண்டும் என்று, பேக்டரி விட்டதும் சுடுகிற வெயிலிலேயே கொஞ்ச தூரம் ஓடினாள். கழுத்தில் ஈரத் துண்டு. அவள் பழகினாள். நான் பழகவில்லை. தலைக்கவசத்துக்குள் வெந்த கதையை எழுதினால் இந்தப் பக்கம் பத்தாது.

*டத்தோ வரும்வரை*

பந்தய நாள் வந்தது. வாரக்கணக்கில் மழை இல்லாத வறட்சி. பாடாங் புல் பழுப்பாகி, மிதித்தால் நொறுங்கியது.

வீட்டிலிருந்து கிளம்பும்போது ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: “எனக்காக பிரேக்க மிதிக்காதீங்க.”

“மிதிச்சா?”

“மிதிச்சீங்கன்னா வீட்டுப் பக்கம் வராதீங்க. பாக் சானி வீட்டுலயே சேவலோட இருந்துக்குங்க.”

விடிவதற்கு முன்னால் கொடியசைத்திருக்க வேண்டும். இருட்டில் ஓடினால் பாதித் தூரம் வெயில் இல்லாமல் போய்விடும், அதுதான் எல்லாருடைய கணக்கும். கொடியசைக்க டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் வர வேண்டியிருந்தது. வரவில்லை. ஒலிபெருக்கியில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். வானம் வெளுத்தது. கட்டடங்களுக்கு மேலே சூரியன் முழுசாக வந்து உட்கார்ந்த பிறகு டத்தோவின் கார் வந்தது. அதற்கப்புறம் ஒரு பேச்சு வேறு. உடல்நலம் முக்கியம் என்றார்.

இளவட்டங்கள் குதித்தும் முணுமுணுத்தும் அங்கேயே பாதித் தெம்பைத் தொலைத்தார்கள். இந்திராணி என் பஸ் படியில், வெளியே காலை நீட்டி உட்கார்ந்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஏறவில்லை.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஷாமினி என்ற தொண்டூழியப் பெண் வந்து உட்கார்ந்தாள். பள்ளி ஆசிரியை. கையில் வாக்கி டாக்கி, மணிக்கட்டில் பெரிய கடிகாரம். நேரத்தோடு முடிக்க என்ன வேகம் வேண்டுமோ அந்த வேகத்தில் பஸ் ஊர வேண்டும். பஸ் யாரைத் தாண்டுகிறதோ அவர் ஏறிவிட வேண்டும்.

“நான் சொல்ற ஸ்பீடுதான் அங்கிள். கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்.”

“சரிம்மா,” என்றேன். கடைசியில் ஓடுகிறவர்களில் ஒருத்தி என் மனைவி என்று சொல்லவில்லை.

*பிரேக்*

ஊரை விட்டுக் கடலோரச் சாலைக்கு வந்ததும் வெயில் அடிக்கத் தொடங்கியது. அடித்தது என்றால் அடித்தது. தார் வாசனை பஸ்ஸுக்குள் வந்தது. கடல் பக்கமிருந்து காற்றே இல்லை.

முன்னால் கொஞ்ச தூரத்தில் இந்திராணி. ஊதா நிறத் தொப்பி, கழுத்தில் ஈரத் துண்டு. பக்கத்தில் அவள் வயதுள்ள ஒரு சீனப் பெண்மணி. இருவருக்கும் முன்பின் பழக்கமில்லை. ஆனால் இந்திராணியின் வலது கை ஆடிக்கொண்டிருந்தது. கதை சொல்லும்போது அந்தக் கை சும்மா இருக்காது. பேசுகிறாள். எனக்கு மூச்சு சீரானது. அந்தக் கை ஆடுகிறவரை பயமில்லை.

தொடக்கத்தில் அம்பாகப் பாய்ந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். மரத்தடியில் குனிந்து நிற்பார்கள், தண்ணீர் மேசையில் தலையைக் கவிழ்த்திருப்பார்கள். பஸ் தாண்டும், கதவு திறக்கும், ஏறுவார்கள். தசை புடைத்த வாலிபர்கள், விலையுயர்ந்த ஷூ போட்டவர்கள். ஏர்கானுக்குக் கீழே அப்படியே சாய்வார்கள். நான் யாரையும் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வெயில் அப்படி. ஆனால் அவர்களையெல்லாம் தாண்டி ஊதாத் தொப்பி அதே வேகத்தில், கூடாமல் குறையாமல் போய்க்கொண்டிருந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆறேழு மாதம் நாய்கள் குரைக்காத வேகத்தில் ஓடிச் சேர்த்துவைத்தது அது.

எங்கள் பேக்டரிப் பெண் தேவி, கால் பிடித்துக்கொண்டு ஏறியவள், உட்காரும் முன்பே கண்டுபிடித்துவிட்டாள்.

“அண்ணே, முன்னால போறது நம்ம இந்திராணி அக்கா தானே?”

ஷாமினி திரும்பினாள். “யாரு?”

“அண்ணனோட வைஃப்.”

ஷாமினி என்னையே பார்த்தாள். “சொல்லவே இல்ல அங்கிள்.”

“சொன்னா ஸ்பீட கொறைப்பீங்களா?”

“மாட்டேன்.”

“அதான் சொல்லல.”

திரும்பி வரும் பாதையில் ஒரு சின்ன ஏற்றம். அங்கே பஸ்ஸுக்கும் அவர்களுக்கும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. முதல் கியரில் இத்தனை நேரம் ஊர்ந்ததில் என்ஜின் சூட்டு முள் மேலே ஏறியது. வேறு வழியில்லாமல் ஏர்கானை நிறுத்தினேன். பின்னால் ஒரே கூச்சல். சன்னல்களைத் திறந்தார்கள். திறந்ததில் ஒரு நல்லது நடந்தது. எல்லாருக்கும் முன்னால் ஓடுகிறவர்கள் தெரிந்தார்கள். ஏறும்போது செத்தமாதிரி கிடந்தவர்கள் எட்டிப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்கள். “ஆண்டி, போலே! ஆண்டி, போலே!” உன்னால் முடியும் என்று மலாயில்.

ஒரு வாலிபன் என் காதோரம் வந்து, “அங்கிள், பஸ் ரோசாக்னு சொல்லி ஓரமா நிறுத்திருங்க. சூட்டு முள்ளு ஏறிருச்சு, யாரும் கேக்க மாட்டாங்க” என்றான்.

பொய் சொல்ல மாட்டேன், கால் பிரேக் பக்கம் போனது. பஸ் கெட்டுப்போனது என்று சொல்ல முள்ளே சாட்சி. ஆனால் இந்த என்ஜின் சத்தத்தைக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து கேட்கிறவள் அவள். எது உண்மையான கோளாறு, எது நான் போடுகிற நாடகம் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். அப்படிக் கிடைத்த பதக்கத்தைக் கொண்டுபோய்க் கால்வாயில் எறிவாள். காலை எடுத்துவிட்டேன்.

*பேச்சு நின்றபோது*

ஏற்றம் முடிந்ததும் சீனப் பெண்மணி நின்றுவிட்டார். இடுப்பில் கை வைத்து, நீ போ என்று இந்திராணிக்குக் கை காட்டினார். கதவைத் திறந்தேன். ஏறி, படியிலேயே உட்கார்ந்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, என்னிடம் மலாயில் சொன்னார்: “அந்த அம்மா வாயே மூடமாட்டேங்கிறாங்க. ரயிலு, குழம்பு, மாமியார் சண்டை, எல்லாம் சொல்லியாச்சு. அத கேட்டுக்கிட்டேதான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்.”

சொந்தக்காரர்களிடம் சொன்னால் யாராவது நம்புவார்களா?

இப்போது முன்னால் அவள் மட்டும். பஸ்ஸின் மூக்கு அவளுக்கு வெகு அருகில். துணைக்கு இருந்த ஆள் போனதும் வலது கை தொங்கிவிட்டது. பேச்சு நின்றுவிட்டது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். ஷாமினி கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போன வருடம் இந்திராணி ஏறிய அதே இடம், மஞ்சள் வளைவு தெரிகிற இடம், வந்துகொண்டிருந்தது.

அப்போது இந்திராணி கழுத்துத் துண்டை உருவி ஓரத்தில் போட்டாள். தலை கொஞ்சம் முன்னால் சாய்ந்தது. கால்கள் மாறின. எனக்கு எங்கேயோ பார்த்த ஓட்டம். கையில் டிபன் கேரியரும் செருப்பும் மட்டும்தான் இல்லை.

பேச்சு ஓய்ந்துபோய் நிற்கவில்லை, அவள் நிறுத்தியிருக்கிறாள். சேர்த்துவைத்த அத்தனை மூச்சையும் இப்போதுதான் எடுத்துச் செலவழிக்கிறாள். அன்று என் பஸ்ஸைப் பிடிக்க ஓடியவள், இன்று என் பஸ் பிடித்துவிடாமல் இருக்க ஓடினாள். இடைவெளி கூடியது. அதே வேகத்தில்தான் நான் ஓட்டினேன், சத்தியமாக. பஸ்ஸுக்குள் எல்லாரும் எழுந்து நின்று கத்தினார்கள். ஷாமினி மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கொடுமையைக் கேளுங்கள். வளைவுக்குச் சற்று முன்னால் பஸ் இடது பக்கம் திரும்பி மண்டபத்துக்குப் பின்னால் போய்விட வேண்டும். சட்டம் அப்படி. அவள் நேராகப் போனாள், நான் திரும்பினேன். ஊதாத் தொப்பி மறைந்தது. நடுவில் ஒரு பெரிய சுவர். நிறுத்தி என்ஜினை அணைத்தேன்.

வாக்கி டாக்கி கரகரத்தது. யாரோ மலாயில் ஏதோ சொன்னார். ஷாமினி இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். கேட்டுவிட்டு, வாக்கி டாக்கியை மடியில் வைத்தாள்.

“நேரத்துக்குள்ள வந்துட்டாங்க அங்கிள்.”

அதற்கப்புறம்தான் அந்தப் பெண்ணுக்கும் கண் கலங்கியது. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். அழுதேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. தேவி பின்னாலிருந்து தோளைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

எல்லாரும் இறங்கிப் போய் வெகு நேரம் கழித்து இந்திராணி வந்தாள். முகத்தில் உப்புப் பூத்திருந்தது. கழுத்தில் பதக்கம். கைப்பிடியைப் பற்றி மெதுவாகப் படியேறி, எனக்கு நேர் பின்னால், தன் இருக்கையில் உட்கார்ந்தாள்.

“பிரேக்க மிதிச்சீங்களா?”

“இல்ல.”

“தெரியும். சத்தம் கேட்டுக்கிட்டுதான் ஓடினேன்.” கொஞ்சம் மூச்சு விட்டாள். “ஏர்கான் போடுங்க. இப்ப சுகமா இருக்கும்.”

போட்டேன். சாவியைத் திருப்பும்போதே போன் அடித்தது. பாக் சானி. வேலியோரம் நின்று காத்திருந்திருப்பார். சேவல் கூவுவது கேட்டது.

“என்ன லிங்கம், இந்திரா லாரியா?” என்றார்.

“லாரி, பாக்,” என்றேன். “பஸ்ஸிலேயே துரத்திப் பார்த்தேன். பிடிக்க முடியவில்லை.”